பாலைச் சோதிக்கிறோம், வடிகாலை யார் சோதிப்பது?

பால், இறைச்சி, முட்டை, வளர்ப்பு மீன், இறால் ஆகியவற்றின் உற்பத்தியில் பல ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் உணவுக்கான உயிரின வளர்ப்பில் குளோராம்ஃபெனிகாலுக்கும் நைட்ரோஃபியூரானுக்கும் மத்திய சுகாதார அமைச்சகம் தடை போட்டிருந்தது. 2019இல் கொலிஸ்டின் தடை வந்தபோது எழுந்த அதே கைத்தட்டல் மறுபடியும் எழுந்தது. தடைகள் தேவைதான். ஆனால், பாக்கெட்டுக்குள் மருந்து மிஞ்சியிருக்கிறதா என்பதோடு அரசின் அக்கறை முடிந்துவிடுகிறது. மருந்துக்கு மசியாத கிருமி எந்த வடிகாலில் இறங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பாரில்லை.

கேட்டால் 93 சதவீதம் என்ற கணக்கைக் காட்டுகிறார்கள். ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 93 சதவீதம் அருந்தப் பாதுகாப்பானவை என்றது. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியிருந்தவை 77. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். இந்த 77ஐ வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த ஆய்வு தேடியது கலப்படத்தையும் எச்சங்களையும்தான். மாட்டுக்கு ஊசி போட்டு, சொன்ன நாட்கள் கழித்துக் கறந்தால் பாலில் மருந்து இராது. மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமி இருக்கலாம். தேடாத ஒன்று கிடைக்கவில்லை என்பதை நற்செய்தி என்று எப்படி எடுத்துக்கொள்வது?

பால் பண்ணைக்குள் நடப்பதைப் பாருங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால், கூட்டுறவு சங்கத்தில் மற்றப் பாலோடு கலந்து பண்ணைக்கு வருகிறது. 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் நோய்க்கிருமிகள் மடியும். ஆன்டிபயாடிக் எச்சங்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டுக்கு அசையாது. குழாய் இணைப்பிலும் ரப்பர் வளையத்தின் இடுக்கிலும் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டி ஒட்டிக்கொள்கின்றன. கழுவும் கிருமிநாசினி அந்தப் படலத்தின் அடிவரை எட்டுவதில்லை. அரைகுறை அளவில் படுகிறது. அதைத் தாங்கப் பழகிய கிருமி, கிருமிநாசினியை வெளியே தள்ளும் அதே ஏற்பாட்டால் சில ஆன்டிபயாடிக்குகளையும் தள்ளிவிடும். அந்தத் திறனுக்கான மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். பிறகு அன்றாடக் கழுவுநீரோடு வெளியேறும். பாக்கெட் பால் சோதனையில் தேறிவிட்டது. கழுவுநீரை இந்தக் கண்ணோடு சோதிக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

இது மறதியால் நேர்ந்ததல்ல. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், மருந்து ஆலைக் கழிவுநீரில் 121 ஆன்டிபயாடிக்குகள் எவ்வளவு இருக்கலாம் என்று வரைவு விதி வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் ஒன்றுகூட இல்லை. 121உம் போயின! மருந்து காய்ச்சும் ஆலைக்கே வரம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பால் பண்ணை வடிகாலையும் இறால் குட்டை வாய்க்காலையும் காவல் காப்பார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

வடிகால்கள் கடைசியில் சேரும் இடம் எது என்பதற்குச் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியே சாட்சி. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரமும் பழவேற்காடு ஏரியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிலம் அது. இந்த ஏரியைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணையே கூடாது என்று 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் தமிழ்நாட்டுக் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன். 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கடலோரத்தில் நீதிமன்றம் சொன்ன 500 மீட்டர் 200 ஆகச் சுருங்கியது. 2023 திருத்தம், ஆன்டிபயாடிக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, விதி மீறுவோருக்கான சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டது.

காட்டுப்பள்ளி நீரில் இன்றும் இருளர் பெண்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றுநீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கிளிஞ்சலும் இறால் முள்ளும் கிழிக்காத கை கிடையாது. அந்தக் காயத்துக்குள் என்ன போகிறது என்று சொல்ல ஒரு பரிசோதனை அறிக்கை உண்டா?

கெடுபிடி செய்தால் ஏற்றுமதி படுத்துவிடும் என்பது பண்ணை முதலாளிகளின் பழைய பாட்டு. மருந்து எச்சத்தால்தான் 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் வளர்ப்பு இறாலுக்கான சோதனையை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. ஏற்றுமதியைக் கெடுத்தது கெடுபிடியல்ல. ஐரோப்பியர் தட்டுக்குப் போவதற்கு அத்தனை சோதனை, காட்டுப்பள்ளிக்காரர் காலடி நீருக்கு ஒன்றுமில்லை என்பதை இனியும் பொறுக்க முடியாது.

மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரடியாக 2019இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். கண்காணிக்க வழியும் இருக்கிறது. மனிதர், உணவு, நீர் மூன்றிலும் ஈ.கோலை என்ற ஒரே கிருமியைத் தொடரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2021இலேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஆவினோ தனியாரோ, ஒவ்வொரு பால் பண்ணையின் கழிவுநீரையும், பொன்னேரி வட்டாரத்தின் ஒவ்வொரு இறால் குட்டை வாய்க்காலையும் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். அது தொடங்கும்வரை பழவேற்காட்டைச் சுற்றி ஒரு குட்டைக்கும் புதிய உரிமம் தரக் கூடாது. பழையதைப் புதுப்பிக்கவும் கூடாது. முடிவுகளைக் காட்டுப்பள்ளி ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும்.