அன்னை முதலில் சொன்ன கதை

கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனம் ஒலித்தே தீரும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தருமியின் புலம்பலையும் நக்கீரரின் வாதத்தையும் பலர் மனப்பாடமாகச் சொல்வர். 1965-இல் வெளிவந்த அப்படத்தை எழுதி இயக்கியவர் ஏ.பி. நாகராஜன். சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து மேடையில் வளர்ந்தவராதலால், சொல்லின் ஆற்றலை அவர் நன்கறிந்திருந்தார். நக்கீரராக நடித்தவரும் அவரே.

அப்படங்களைப் பார்த்து மகிழ்ந்த பெற்றோர், வளர்ந்துவிட்ட தம் மக்களுக்கும் அவற்றைக் காட்ட விரும்புவது இயல்பு. ஆனால் எவ்வாறு காட்டுவது?

காஞ்சி மாவட்டத்து ஏனாத்தூரில் ஒரு குடும்பம். முப்பது வயதைக் கடந்த மகனுக்குப் பெங்களூரில் கணினித் துறையில் வேலை. கோயிலுக்கு அழைத்தால், "நீங்கள் போய்விட்டு வாருங்கள் அப்பா" என்பதோடு சரி. அவன் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மாலையில், தந்தை தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' படத்தைப் போட்டார். நாகேஷின் தருமியைக் கண்டு மகன் வாய்விட்டுச் சிரித்தான். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் அவன் முகம் மாறியது.

"பாட்டில் குற்றம் என்று சொன்னதற்காக ஒருவரை எரிப்பது நியாயமா அப்பா?"

"சுவாமி விஷயத்தில் இப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று தந்தை தொடங்க, தாயார் இடைமறித்தார்.

"அவன் கேட்கட்டுமே. நக்கீரரும் சுவாமியிடமே வாதாடியவர்தானே?"

தாயாரின் சொல்லில் படத்தின் உட்பொருளே அடங்கியிருக்கிறது. மாங்கனி கிடைக்காத சினத்தில் முருகன் பழனிக்குச் சென்றுவிடுகிறான். அவனை ஆற்றுப்படுத்த வரும் பார்வதி தேவி, பெருமானின் திருவிளையாடல்களைக் கதைகளாகச் சொல்கிறாள். அவள் முதலில் எடுத்துக்கொள்வது எந்தக் கதையை? அப்பெருமானின் பாட்டிலேயே ஒரு புலவர் பொருட்குற்றம் கண்ட கதையை! தந்தையிடம் பிணங்கி நிற்கும் மகனுக்கு, அத்தந்தையை எதிர்த்து நின்றவரின் கதை.

எதிர்த்தவரை இறைவன் கைவிட்டுவிடவில்லை. மீண்டும் எழுப்பி அருளினான். நக்கீரர் பெயரால் வழங்கும் திருமுருகாற்றுப்படையைப் பதினோராம் திருமுறையில் வைத்துப் போற்றுகிறது சைவ மரபு. அப்படியிருக்க, பெற்ற பிள்ளையின் கேள்விக்கு அஞ்சுவானேன்?

அன்றிரவு அவ்வீட்டில் நெடுநேரம் பேச்சு நீண்டது. மறுநாள் 'திருவருட்செல்வர்' (1967). அதில் அப்பர் வேடத்துக்குக் காஞ்சி மகா பெரியவரின் தோற்றத்தையே சிவாஜி கணேசன் முன்மாதிரியாகக் கொண்டார். திருக்குறிப்புத் தொண்டராகவும் அவரே நடித்தார். அடியவரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக வாக்களித்தார் அத்தொண்டர். மழையால் உலர்த்த இயலாமல், துவைக்கும் கல்லில் தம் தலையை மோதினார். இறைவன் கரம் நீட்டித் தடுத்தாட்கொண்டான்.

"இது எந்த ஊரில் அப்பா?"

"நம் காஞ்சியில்தான். முத்தீஸ்வரர் கோயில். அந்த வழியாக எத்தனை முறை போயிருப்பாய்!"

அடுத்த நாள் காலை மகனும் உடன் சென்றான். சந்நிதியில் அவன் கை கூப்பினானா என்று தந்தை திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு இப்படங்களைக் காட்ட விழையும் பெரியோர், ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முனைய வேண்டாம். ஒரு கதையைக் காட்டிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்கட்டும். பிணங்கிய பிள்ளையிடம் கதை சொல்லும் வழியை உலகன்னையே காட்டியிருக்கிறாள்.