உம்மா வீட்டுக்குப் போக முன் மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு கோல்



போன மாதம் எங்களிடம் படித்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தோம். தலைப்பிரசவம். சுகமாகப் பெற்று வீட்டுக்கு வந்து ஆறாம் நாள் காய்ச்சல். "பால் கட்டியிருக்கும்" என்று வீட்டார் இரண்டு நாள் பொறுத்திருக்கிறார்கள். உடம்பு நடுங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிருமித் தொற்று. அல்ஹம்துலில்லாஹ், தாய் பிழைத்துக்கொண்டார்.

"மிட்வைஃப் வரவில்லையா?" என்று கேட்டோம். வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பதிவு இருந்தது டவுன் பக்கம், மாப்பிள்ளையின் வாடகை வீட்டில். பிரசவத்துக்கு வந்தது வேறு ஊரில் இருக்கும் உம்மா வீட்டுக்கு. அங்குள்ள மிட்வைஃப்புக்கு இப்படியொரு தாய் வந்திருப்பதே தெரியாது. இங்குள்ளவர் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

தலைப்பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம், நல்ல வழக்கமும்தான். ஆனால் கண்டி மாநகரம் ஒரு சுகாதாரப் பிரிவு, அக்குறணை இன்னொன்று, மடவளைப் பக்கம் வேறொன்று. நமக்கு அரை மணி நேர பஸ் பயணம். அவர்களுக்கு அது வேறு பதிவேடு.

நாம் நாற்பது நாள் என்று தாயை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிறோமே, ஏறக்குறைய அதே நாட்களுக்குள்தான் குடும்ப நல உத்தியோகத்தர் நான்கு தடவை வீட்டுக்கு வர வேண்டும். முதல் பத்து நாளுக்குள்ளேயே இரண்டு தடவை. இரத்தப்போக்கு, தையல், காய்ச்சல், மார்பு, தாயின் மனநிலை எல்லாம் பார்ப்பார். பிள்ளை மஞ்சளாக இருக்கிறதா, தொப்புள் காய்ந்ததா, சரியாகப் பால் குடிக்கிறதா என்றும் பார்ப்பார். காசு கொடுத்து செனல் பண்ணிய பெரிய டொக்டர் எவரும் ஆறாம் நாள் உங்கள் வீட்டுப் படியேறி வரமாட்டார். ஆனாலும் நம்மில் வசதியுள்ள சிலருக்கு கிளினிக் என்றால் இளக்காரம். செனல் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவை மட்டும் விடாதீர்கள், எட்டு வாரத்துக்குள் செய்யுங்கள்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய ஏற்பாடு இது. 1940களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மௌத்தானார்கள். இன்று சாதாரண ஆண்டுகளில் அது நாற்பதுக்கும் குறைவு. படியேறி வந்த அந்தப் பெண்களுக்கும் இதில் பெரிய பங்குண்டு.

குறையே இல்லை என்றும் சொல்லமாட்டோம். ஒரு மிட்வைஃப்புக்கு மூவாயிரம் பேர் என்பது கணக்கு. ஆள் இல்லாத இடங்களில் ஒருவரே இரண்டு பகுதியைச் சுமக்கிறார். தமிழில் பேசக்கூடியவர் போதாது. சிங்களம் நன்றாகத் தெரிந்த நம் பிள்ளைகள்கூட உடம்பு வேதனையை, மனச்சோர்வை அந்த மொழியில் சொல்லத் தயங்குகிறார்கள். ஆனால் உயர்தரம் முடித்த எத்தனை மாணவிகளிடம் "மிட்வைஃப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்" என்று ஆசிரியர்களாகிய நாமே சொன்னோம்? டொக்டர், இல்லாவிட்டால் டீச்சர். அதற்கு நடுவே ஒரு தொழில் இருப்பதை மறந்துவிட்டோம்.

ஏழாம், எட்டாம் மாதத்தில் உம்மா வீட்டுக்குக் கிளம்புகிறீர்களா? உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். போகும் ஊரின் மிட்வைஃப்புக்கும் சொல்லுங்கள். கர்ப்பிணி அட்டையை மறக்காமல் பையில் வையுங்கள். பிள்ளை கிடைத்ததும் ஒருவராவது அதே நாளில் தகவல் கொடுக்கட்டும். மாப்பிள்ளைமாரே, இந்த வேலை உங்களுடையது.

நிக்காஹ் பதிவுக்கு வரும் ஜோடிகளுக்கு அந்தப் பகுதி மிட்வைஃப்பின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். எங்கள் பாடசாலையின் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் சுற்றுவட்டார இலக்கங்களைத் திரட்டி வாசல் பலகையில் ஒட்டப் போகிறோம். உங்கள் பகுதி இலக்கம் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.