முள் ஏறுது சார்!

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து நாலு நாள் ஆனால் போதும். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை ரோட்டோரம் நாலைந்து கார்கள், பல் டாக்டரிடம் வந்த மாதிரி, பானெட்டைப் பிளந்துகொண்டு நிற்கும். பக்கத்தில் குடும்பத் தலைவர், கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுடன், யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நிற்பார்.

அடுத்த இரண்டாவது நிமிஷம் மூன்று நிபுணர்கள் கூடிவிடுவார்கள். “கார்பரேட்டரைப் பாருங்க சார்!” என்பார் முதலாமவர். புதுக் கார்களில் கார்பரேட்டர் வருவது நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. “ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும்” என்பார் இரண்டாமவர். அது அம்பாஸடர் காலத்து வியாதி. இன்றைய கார்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. பெல்ட்டுக்கும் அதற்கும் எப்போதோ விவாகரத்து ஆகிவிட்டது.

மூன்றாமவர் பேசவே மாட்டார். நேராக ரேடியேட்டர் மூடியில் கை வைப்பார். ஆபத்தான ஆசாமி இவர்தான். காலில் விழுந்தாவது தடுத்துவிடுங்கள்!

பிரஷர் குக்கர் கதைதான். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால், தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் திருகியதும் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கர் பக்கமே போகாத ஆண் சிங்கங்கள், ரேடியேட்டர் என்றால் மட்டும் ஏனோ பாய்கிறார்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அப்புறம் தடித்த துணி போட்டு, மெதுவாகத் திறங்கள். கொதிக்கிற இன்ஜினில் ஜில் தண்ணீரை ஊற்றாதீர்கள். விரிசல் விட்டால் கதை முடிந்தது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். விரல் பத்திரம்.

சரி, ஏன் இத்தனை சூடு? சின்ன வரவு செலவுக் கணக்கு. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் வண்டியை ஓட்டப் போவது சுமார் முப்பது ரூபாய், அதுவும் நல்ல ரோடாக இருந்தால். இன்னொரு முப்பது சொச்சம் சைலன்ஸர் வழியே புகையோடு போச்சு. பாக்கியில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கி வைக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றே 42 டிகிரியில் இருந்தால் வேலை கஷ்டம். ஆனாலும் ஆரோக்கியமான கார் சமாளித்துவிடும். வெயில் வியாதியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற வியாதியைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

என்ன வியாதி? டாக்டர், “காய்ச்சல் எப்போ வருது?” என்று கேட்பார் இல்லையா, அதே கேள்விதான். முள் எப்போது ஏறுகிறது?

சிக்னலில், டோல்கேட் வரிசையில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஏ.ஸி.யைப் போட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லாக் கார்களிலும் ஃபேனும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். சில சமயம் பத்து இருபது ரூபாய் ஃப்யூஸோடு முடிந்துவிடும்.

ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு ஹைவேயில் நூறைத் தொட்டதும், அல்லது ஏற்காடு மலை ஏறும்போது, முள் ஏறுகிறதா? பாவம், ஃபேனைத் திட்டாதீர்கள். கூலன்ட் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டரில் அடைப்பு, வாட்டர் பம்ப் தகராறு, தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்காதது, மூன்றில் ஒன்று. கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி வளர்த்த வண்டி என்றால் அடைப்புதான். உங்கள் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டர் குழாயிலும் படியும்.

வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் கூலன்ட் வாராவாரம் குறைகிறது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை. ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி ஏதோ. இவை சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட். இதற்குக் கை வைத்தியம் கிடையாது.

சில மெக்கானிக்குகள், “தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டேன் சார், இனிமே ஹீட்டே ஆவாது” என்று பெருமையாகச் சொல்வார்கள். இன்ஜின் எப்போதும் குளிரில் நடுங்கியபடி கூடுதல் பெட்ரோல் குடிக்கும். “ஃபேனை டைரக்ட் குடுத்துட்டேன்” என்பது இன்னொரு வகை. சென்ஸர் செத்துப்போனதை மறைத்துவிட்டு ஃபேனை ஓயாமல் ஓடவிடுவது. இரண்டுமே காய்ச்சலுக்கு ஈரத்துணி. வியாதி உள்ளேயே இருக்கும்.

ஓடும்போதே முள் ஏறினால் ஏ.ஸி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறங்கள். மே மாசத்தில் ஹீட்டரா என்று பின்சீட்டிலிருந்து முறைப்பார்கள். ஜன்னலை இறக்கிவிட்டுச் சிரித்துச் சமாளியுங்கள். ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர், கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதுவும் ஓரம் கட்டுகிற வரைக்கும்தான். முள் சிவப்பைத் தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். “அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டுகிறோமே, அந்த இரண்டு கிலோமீட்டரில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும். இ.எம்.ஐ. பாக்கி இருப்பதைப் பற்றி இன்ஜினுக்குக் கவலை இல்லை.

புதுக் கார் வாங்கியதும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வைக்கட்டும். மாசத்துக்கு ஒரு நாள், இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், பானெட்டைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருஷ்டி கழிக்கும் மற்ற எலுமிச்சம்பழங்களை ஜூஸ் போட்டுக் குடிக்கலாம், வெயிலுக்கு நல்லது.