"பால்ல சத்தே இல்ல": இந்தப் பேச்சை நிறுத்துவோம் (த்ரெட்)

1/ தடுப்பூசி நாள்ல அடிக்கடி காதுல விழுறது இது: "பால் தண்ணியா இருக்கு டாக்டர், இவ உடம்புல சத்தே இல்ல. பாலுக்கு ஏதாவது டானிக் எழுதிக் குடுங்க." சொல்றது மாமியார், இல்லன்னா அம்மா. பக்கத்துல தலை குனிஞ்சு உக்காந்திருக்கிறது, குழந்தை பெத்து ஒன்றரை மாசம் ஆன பொண்ணு.

2/ "சத்து மாத்திரை சாப்பிடுறியாம்மா?"ன்னு கேட்டா, "குழந்தைதான் பொறந்துருச்சே, நிறுத்திட்டேன்"னு பதில் வரும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெளுத்திருக்கும். பால், மாத்திரை ரெண்டைப் பத்தியும் நாம தப்பா நினைச்சுட்டு இருக்கோம்.

3/ தாய்ப்பால் சத்துகள் ரெண்டு வகை. அம்மா என்ன சாப்பிட்டாலும் பால்ல அளவு பெருசா மாறாதவை: இரும்பு, கால்சியம், ஃபோலேட், துத்தநாகம். அம்மாவுக்குக் குறைஞ்சா பால்லயும் குறையுறவை: பி1, பி2, பி6, பி12, ஏ, டி, அயோடின்.

4/ பிரசவத்துக்கு அப்புறம் அரசு இலவசமா குடுக்குறது: 60 மி.கி. இரும்பு + 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், தினம் ஒண்ணு, 180 நாள். கால்சியம் 500 மி.கி., தினம் ரெண்டு வேளை, 180 நாள். கவனிச்சீங்களா? இரும்பு, ஃபோலிக் ஆசிட், கால்சியம் மூணுமே முதல் வகை. சாப்பிட்டாலும் பால்ல பெருசா ஏறாது.

5/ அப்புறம் எதுக்கு? உங்களுக்காக. நீங்க சாப்பிடலைன்னாலும் உடம்பு உங்க எலும்புலேருந்து கால்சியத்தை எடுத்துப் பாலுக்குக் குடுத்துரும். பிரசவத்துல போன ரத்தம் தானா உடனே திரும்பாது. ரத்தசோகையோடவே அடுத்த பிரசவத்துக்கு வந்தா, மத்தவங்க தாங்குற ரத்தப்போக்கை உங்களால தாங்க முடியாது.

6/ இதுல எங்க தப்பும் இருக்கு. கர்ப்பத்துல "குழந்தைக்கு நல்லதும்மா"ன்னு சொல்லியே மாத்திரை குடுக்குறோம். குழந்தை பொறந்ததும் அவங்க நிறுத்துறதுல என்ன ஆச்சரியம்? "இது உனக்காகம்மா"ன்னு முதல் நாள்லேருந்தே சொல்லியிருக்கணும்.

7/ சரி, ரெண்டாவது வகை. இதுல நான் ரொம்பக் கவலைப்படுறது பி12. இறைச்சி, மீன், முட்டை, பால் வகையில மட்டும்தான் இது இயற்கையா கிடைக்கும். அம்மாவுக்குக் கடுமையா குறைஞ்சா, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை சோர்ந்துபோகும், தோல் கறுக்கும், சிரிச்ச குழந்தை சிரிக்கிறதை நிறுத்தும், கை கால் நடுங்கும். 1962லயே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை லான்செட் இதழ்ல எழுதிட்டாங்க.

8/ அந்த இலவச மாத்திரையில பி12 கிடையாது. ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், பி12 குறைபாடு உள்ள மறைஞ்சே இருக்கும். அசைவம், முட்டை, பால் சேர்க்காத தாய்மாருக்காவது பி12 இலவசமா குடுக்கணும்ங்கிறது என் கருத்து.

9/ வைட்டமின் டி வேற கதை. தாய்ப்பால்ல அது இயல்பாவே கம்மி. குழந்தைக்குத் தினம் 400 யூனிட் வேணும். 2015ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, அம்மா தினம் 6400 யூனிட் சாப்பிட்ட பிறகுதான் பால் வழியா அந்த அளவுக்கு ஈடாச்சு. அதை நீங்களா செய்யாதீங்க. குழந்தைக்கு நேரா சொட்டு மருந்து குடுக்குறதுதான் எளிது. 1 மில்லியில 400 யூனிட், 800 யூனிட் ரெண்டு வகையும் கடையில இருக்கு. பாட்டிலைப் படிச்சிட்டுக் குடுங்க.

10/ பத்தியம்: பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாராளமா குடுங்க. ஆனா கீரை, பழம், முட்டையை நிறுத்தி, வடிச்ச சோறும் ரசமுமா நாளைக் கடத்துனா, ரெண்டாவது வகைச் சத்துகள்தான் அடிபடும். பி1 தண்ணியில கரையும், வடிகஞ்சியோட போயிரும். காய், பருப்பு, முட்டையை ஒதுக்காதீங்க.

11/ சுருக்கமா:
• இரும்பு, கால்சியம் 180 நாள் முழுசா. ரெண்டையும் ஒரே நேரத்துல போடாதீங்க. இரும்போட டீ, காபி வேண்டாம்.
• சைவமா? பி12 பத்தி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.
• குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு.
• அயோடின் உப்பு.
• 6 மாசம் முடிஞ்சதும் இணை உணவு. அதுக்கு மேல தாய்ப்பால் இரும்பு மட்டும் போதாது.

12/ கடைசியா, பாட்டிமார்களுக்கு. ஆரம்பத்துல வர்ற பால் தண்ணியா தெரியுறது இயல்பு. அதைப் பார்த்து டின் பவுடர் வாங்காதீங்க. "பால்ல சத்து இல்ல"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு தன்னையே சந்தேகப்படுறா. அதுக்குப் பதிலா ஒரு கேள்வி கேளுங்க: "நீ சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியா?"