முகத்துவாரம் திறந்திருக்கட்டும்



காட்டூர், பழவேற்காடு பக்கம் ஏரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களிடம் போய் மன அமைதியைப் பற்றிப் பேசினால் என்ன சொல்வார்கள்? "முதல்ல முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லுங்க" என்பார்கள். நியாயம்தானே! ஏரி கடலோடு சேரும் அந்த வாயை மணல் அடைத்துவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. அப்போதும் ஏரி பார்வைக்கு அமைதியாகத்தான் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து எந்த மீனவராவது சந்தோஷப்படுவாரா?

நம் வீடுகளிலும் இப்படி ஓர் அமைதி உண்டு. புது வலைக்கு வட்டிக்கு வாங்கியதைக் கணவர் வீட்டில் சொல்வதில்லை. குழு லோன் தவணைக்காகக் கம்மலை அடகு வைத்ததை மனைவி சொல்வதில்லை. காலேஜில் அரியர் விழுந்ததைப் பையன் இரண்டு பேரிடமும் சொல்வதில்லை. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. தெருவில் நல்ல பெயர் வேறு! ஆனால் ராத்திரி மூன்று பேருக்குமே தூக்கம் வருவதில்லை.

சமாதானம் வேண்டும் என்று ஜெபிக்காத கிறிஸ்தவ வீடு இல்லை. ஆனால் ஆண்டவரிடமாவது உள்ளதைச் சொல்கிறோமா? மனப்பாடமான ஜெபத்தை மளமளவென்று முடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

மாற்கு நற்செய்தியின் 4-ம் அதிகாரத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கலிலேயக் கடலும் ஓர் ஏரிதான். புயலில் படகு நிரம்புகிறது. உள்ளே இருந்தவர்களில் பேதுருவும் அந்திரேயாவும் பிழைப்புக்கே வலை வீசியவர்கள். அவர்கள் தைரியசாலிகள்போல நடிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, எங்களைப் பற்றிக் கவலையே இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். விசுவாசம் போதவில்லை என்று அவர் கடிந்துகொண்டது உண்மை. ஆனால் அது அப்புறம். முதலில் எழுந்து காற்றை அடக்கினார்.

பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம் 1515-ல் தொடங்கியது என்பார்கள். கட்டடம் பிற்பாடு மாறிவிட்டது. அங்கே வந்து மண்டியிடும் சனத்தின் பாரம் மட்டும் மாறவில்லை. 2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சுனாமி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். "ஏன் ஆண்டவரே?" என்று கேட்காமல் யாரால் இருக்க முடியும்? அப்படிக் கேட்பதும் ஜெபம்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே, "எல்லாம் ஆண்டவர் பாத்துப்பார், விடுங்க" என்கிறோமே, அது ஆறுதலா? பல நேரம் பேச்சை முடித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொல்கிறோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து முழுசாகக் கேட்டால் அதுவே பாதி பாரத்தை இறக்கிவிடும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடமும் போகத்தான் வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது. சுரத்துக்கு மாத்திரை போடும்போது யாரும் அப்படி நினைப்பதில்லையே!

வீட்டுக்கு வருவோம். முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் குடும்ப ஜெபம் நடக்கும். இப்போது ஆளுக்கொரு செல்போன். அந்தக் குடும்ப ஜெபத்தை மறுபடியும் தொடங்கிப் பார்க்கலாமா? பத்து நிமிஷம் போதும். வழக்கமான ஜெபம் முடிந்ததும், அன்றைக்கு மனசை அழுத்தியதை ஆளுக்கொன்று சொல்லட்டும். "கடன் இருக்குப்பா" என்று அப்பா சொல்லட்டும். சொன்னவரை அங்கேயே விசாரணை பண்ணாதீர்கள். அடகு, தவணைக் கணக்கெல்லாம் மறுநாள் பகலில் பேசிக்கொள்ளலாம்.

விடியுமுன் தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடு என்றால் ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். சீரியல் போய்விடுமே என்கிறீர்களா? நாளைக்குப் பாருங்கள், கதை ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்