குழாய் வந்தது, குளிக்க இடம் எங்கே?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள புள்ளலூர், சரித்திரத்தில் இடம் பெற்ற ஊர். 1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும், கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தது இங்கேதான். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னதாகப் பல்லவரும் சாளுக்கியரும் மோதிய களமும் இதுவே.

இப்போது புள்ளலூர் போன்ற கிராமங்களின் முன் நிற்கும் பிரச்சினை வேறு. வீட்டுப் பெண்கள் குளிப்பதற்கு ஓர் இடம் வேண்டும்! அந்தத் தண்ணீர் போவதற்கு ஒரு வழி வேண்டும்!

பட்டணத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் இன்று “ஷவர் டிரே” வாங்கிப் பதிக்கிறார்கள். பெரிய தாம்பாளம் போன்ற குளியல் தட்டு அது. மேலே பூவாளி, கீழே தட்டு. விழுகிற தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்துக் குழாய்க்குள் அனுப்பி விடும். நமக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்கலாம். தட்டு வேண்டாம், ஆனால் அது செய்கிற வேலை நம் வீட்டுக்கும் வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியக் கிராமங்களில் 100 வீடுகளுக்கு 55 வீடுகளில் குளிப்பதற்கென்று இடமே இல்லை. சுமார் 20 வீடுகளில் கூரை இல்லாத மறைப்பு. ஒழுங்கான குளியலறை இருந்தது 25 வீடுகளில்தான். சாக்கடை வசதி இல்லாத கிராமத்து வீடுகளோ 100-க்கு 63.

கூரை இல்லாத மறைப்பு என்றால் என்ன? நாலு கழி, ஓலைத் தட்டி, காலுக்கு ஒரு கல். ஆண்களுக்குக் கவலை இல்லை. ஏரி, பம்புசெட் என்று போய் விடுவார்கள். பெண்கள் விடியுமுன் எழுந்து, கட்டிய புடவையோடு நாலு சொம்பு ஊற்றிக் கொண்டு வர வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும், பிள்ளை பெற்ற உடம்போடும் இதே கதைதான்.

கக்கூசுக்குப் பணம் வந்தது

2014-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. கழிப்பறை கட்ட வீட்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் குளியலறைக்கென்று தனியாகப் பணம் இல்லை. விளைவு? மறைவான இடம் அது ஒன்றுதான் என்பதால் பல வீடுகளில் கழிப்பறைக்குள்ளேயே குளிக்கிறார்கள். குளித்த தண்ணீர் மலக்குழிக்குள் போனால் குழி சீக்கிரம் நிரம்பும். கழிவு மக்காது. கழிப்பறையும் கெட்டு விடும்.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது திட்டம். நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். வருஷத்துக்கு 80 ஆயிரம் லிட்டர்! குடித்தது, சமைத்தது போக மீதி எல்லாம் அழுக்குத் தண்ணீராக வெளியே வருகிறது. முன்பு இரண்டு குடம் தூக்கி வந்த வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. குழாய் வந்த பிறகுதான் தெருவில் தேங்குகிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீரில்தான் பெருகும்.

2020-ல் தொடங்கிய தூய்மை இந்தியா 2-ம் கட்டத்தில் இந்தத் தண்ணீரையும் கவனிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். தண்ணீரும் வடிகாலும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இதே மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, சோழர் காலத்திலேயே ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்ததைச் சொல்கிறது. இன்றைய பஞ்சாயத்து, சாக்கடையைக் கவனிக்கக் கூடாதா?

கொத்தனாரிடம் சொல்லுங்கள்

தமிழக சர்க்கார் 2024-ல் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தைத் தொடங்கியது. 360 சதுர அடி வீடு; 3½ லட்சம் ரூபாய். எந்தத் திட்டத்தில் கட்டினாலும் சரி, சொந்தப் பணத்தில் கட்டினாலும் சரி, அஸ்திவாரம் போடும்போதே குளிக்கும் இடத்தைக் குறித்து விடுங்கள். 4 அடிக்கு 3 அடி இருந்தால் கூடப் போதும்.

முக்கியமானது தரையின் வாட்டம். 4 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்த பின் ஒரு கோலிக்குண்டை விடுங்கள். அது தானாகத் துவாரத்தை நோக்கி ஓட வேண்டும். நடுவில் நின்றால் தண்ணீரும் அங்கே நிற்கும், பாசி பிடிக்கும், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். துவாரத்தில் நீர் நிற்கும் “டிராப்” வைத்தால் நாற்றமும் கரப்பானும் உள்ளே வராது. சுவர் ஓரத்தில் பூச்சை விரல் அளவு உயர்த்தி வளைத்து விட்டால், பட்டணத்துத் தட்டு செய்யும் வேலையை நம் சிமெண்டுத் தரையே செய்து விடும்.

தண்ணீர் போய்ச் சேர உறிஞ்சு குழி ஒன்று போதும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடிக்குச் சற்று அதிகம். அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல். கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் 30 அடியாவது தள்ளித் தோண்டுங்கள். களிமண் பூமியில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே வாழை, கல்வாழைக்குத் திருப்பி விடுவது மேல். கழிப்பறைக் குழியோடு மட்டும் சேர்க்காதீர்கள். சோப்பும் தலைமுடியும் அடைத்துக் கொண்டால் குழி வேலை செய்யாது. அவ்வப்போது மேல் கல்லை எடுத்துக் கழுவி, வெயிலில் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும்.