தரம் ஒன்று, தேர்வு இன்னொன்று

கந்தர்வக்கோட்டையில் மாசக்கணக்கில் ஃபீஸ் கட்டி, தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்த பெண்ணைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள். 'தமிழ்99' விசைப்பலகை என்றால் விரல் தடுமாறும். தப்பு அவர் மேலா?

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம்' மாநாடு நடந்தது. அதே வருடம் இந்த விசைப்பலகையை அரசு தரமாக ஏற்றது. நல்ல ஏற்பாடுதான். உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 31 எழுத்து விசையில் 247 எழுத்தும் வந்துவிடும். அ, ம, ம, ஆ தட்டினால் 'அம்மா'. புள்ளி தானாக விழும்.

ஆனால் அதே அரசு நடத்தும் தட்டச்சுத் தேர்வு? அதற்கப்புறமும் வருடக்கணக்கில் பழைய மெஷின் வரிசையில்தான் நடந்தது. அறிவிப்பது ஒன்று, சர்ட்டிபிகேட் தருவது வேறொன்றுக்கு என்றால் யார் மாறுவார்கள்?

மாநாட்டு மேடையில் அறிவித்தால் மட்டும் தரம் வந்துவிடாது, சார். பரீட்சை ஹாலுக்குள் நுழைந்தால்தான் வரும்.